380 சதுர அடிக்குள் நான்கு பேர்: கூடத்தை விசாலமாக உணரச் செய்வது எப்படி?

மூன்றாம்மாடி எழுதியது:

வணக்கம். சென்னை பெரம்பூரில், 1990களின் நடுவில் கட்டப்பட்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். பத்திரத்தில் 480 சதுர அடி என்றிருந்தாலும், சுவர்களையும் படிக்கட்டின் பங்கையும் கழித்துவிட்டு நானே டேப் பிடித்து அளந்து பார்த்ததில், உள்ளே புழங்குவதற்கு இருப்பது ஏறத்தாழ 380 சதுர அடிதான். கணவர், நான், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், மூட்டுவலியால் தரையில் அமர முடியாத மாமியார் என நான்கு பேர் இருக்கிறோம்.

கூடம் 15 அடி நீளம், 10 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம். மேற்குச் சுவரில் வாசற்கதவு. அதற்கு நேர் எதிரே கிழக்குச் சுவரில் பால்கனிக் கதவும் அதையொட்டி ஒரு சன்னலும் உள்ளன. வடக்கில் படுக்கையறைக்கும் தெற்கில் சமையலறைக்கும் கதவுகள். படுக்கையறை 11க்கு 10. இரும்பு பீரோவை வைக்க வேறு இடமில்லாததால், அதையும் தையல் இயந்திரத்தையும் பால்கனிக் கதவை ஓரளவு மறைத்தபடி வைத்திருக்கிறோம். கொலுப்படிகளும் பொம்மைப் பெட்டிகளும் கூடத்தின் ஒரு மூலையில் பழைய போர்வை போர்த்தி நிற்கின்றன. மாமியார் இரவில் கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுக்கிறார். காலையில் அதை மடித்து வைத்தாலும் அது கண்ணை விட்டு மறைவதில்லை.

வீட்டைப் பார்க்க வந்த உள் அலங்கார ஒப்பந்ததாரர் ஒருவர், கூடம் முழுவதும் ஃபால்ஸ் சீலிங், 7 அடிக்கு 5 அடியில் 'எல்' வடிவ சோபா, ஒரு நீளச் சுவரில் அடர் பழுப்பு மைக்கா ஒட்டிய தொலைக்காட்சி அலமாரி, எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி, பால்கனிச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்ப்பது என்றெல்லாம் சொல்லி 2,40,000 ரூபாய் கேட்கிறார். எங்கள் கையில் இருப்பது 1,50,000. கடன் வாங்கியாவது அவர் சொல்வதைச் செய்தால் வீடு உண்மையிலேயே பெரிதாகத் தோன்றுமா, அல்லது வேறு வழி உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். வீட்டுக்கு யாராவது வந்தால் எங்கே உட்காரச் சொல்வது என்று தயங்கும் நிலை மாற வேண்டும் என்பதே என் முதல் ஆசை.

தூக்குக்குண்டு எழுதியது:

சகோதரி, கட்டுமானத் துறையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒப்பந்ததாரருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சோபாவின் ஆழம் 36 அங்குலம், டீப்பாய் 24, தொலைக்காட்சி அலமாரி 16; மூன்றும் சேர்ந்து 76 அங்குலம். உங்கள் கூடத்தின் அகலமான 120 அங்குலத்தில் மிஞ்சுவது 44. சோபாவில் உட்காருபவரின் கால்களுக்கு 18 அங்குலம் விட்டால், நடப்பதற்கு 26 அங்குலம் கிடைக்கும். வாசலுக்கும் பால்கனிக்கும் இடையிலான வழி, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையிலான வழி ஆகிய இரண்டுமே இந்தக் கூடத்துக்குள்தான் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்னும்போது, 36 அங்குலத்துக்குக் குறைந்த நடைபாதை தினமும் யாரையாவது ஒதுங்கி நிற்க வைக்கும். சோபாவின் 5 அடிக் கையோ அறையின் அகலத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். மூட்டுவலி உள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் இது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று.

இடம் பெரிதாகத் தோன்றுவதற்கும் அதன் சதுர அடிக்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு கிடையாது. உள்ளே நுழைந்தவுடன் கண் எவ்வளவு தூரம் தடையில்லாமல் போகிறது, தரையில் எவ்வளவு பகுதி வெறுமையாகத் தெரிகிறது என்ற இரண்டையும் வைத்தே மனம் அளவெடுக்கிறது. தஞ்சைப் பக்கத்து அக்கிரகார வீடுகளை நினைத்துப் பாருங்கள். அகலம் மிகக் குறைவு. இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். ஆனாலும் திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை ஆகிய அனைத்தின் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், வாசலில் நிற்பவருக்குக் கொல்லைக் கிணற்றடி வரை தெரியும். நடுவில் முற்றத்து வெளிச்சம் விழுவதால் அந்தத் தூரம் இன்னும் நீண்டதாகத் தோன்றும். உங்கள் வீட்டிலும் வாசற்கதவும் பால்கனிக் கதவும் நேருக்கு நேராக அமைந்திருக்கின்றன. பல புதிய குடியிருப்புகளில் கிடைக்காத வசதி இது. அந்தப் பார்வைக்கோட்டின் முடிவில் நீங்கள் பீரோவை நிறுத்தியிருக்கிறீர்கள். அதை நகர்த்துவதுதான் உங்கள் வீட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய அலங்காரம். அதற்குச் செலவும் இல்லை. சென்னையில் கோடை நாட்களில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்துதான் வருகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; பீரோ அதையும் சேர்த்தே மறிக்கிறது.

பீரோ எங்கே போகும் என்று கேட்பீர்கள். படுக்கையறைக் கதவைத் திறந்தால் அதன் பின்னால் மறைந்துபோகும் மூலை ஒன்று இருக்கும் அல்லவா, அங்கே போகட்டும். பீரோவைத் திறக்க வேண்டுமானால் அறைக் கதவைச் சாத்த வேண்டியிருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யும் வேலைதான், பழகிவிடும்.

கொலுப் பெட்டிகளுக்கு ஒரு யோசனை. வாசற்கதவு 7 அடி உயரம் என்றால், அதற்கு மேல் இரண்டரை அடி உயரச் சுவர், கூடத்தின் அகலம் முழுவதற்கும் 10 அடி நீளத்தில், சும்மா கிடக்கிறது. அங்கே ஒன்றரை அடி ஆழத்தில் கதவு வைத்த பரண் அடித்து, சுவரின் நிறத்தையே அதற்கும் பூசிவிடுங்கள். உள்ளே வருகிறவருக்கு அது முதுகுப் பக்கம் இருக்கும்; ஆகவே கண்ணில் படாது. சிறிய வீடுகளில் சாமான் வைக்கும் இடங்களை, நுழையும்போது பார்வை போகும் திசையில் வைக்காமல் அதற்கு எதிர்த்திசையில் வைக்க வேண்டும் என்பதை நான் மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். தொடக்கத்தில் நான் வரைந்துகொடுத்த வீடுகளில் இந்தத் தவறு இருக்கிறது. பரணின் பாரத்தைச் சுவர் தாங்குமா என்பதைத் தச்சரை வைத்துப் பார்த்து, இரும்புத் தாங்கிகளை நான்கரை அங்குலத் தடுப்புச் சுவரில் மட்டும் நம்பி மாட்டாமல், உத்திரத்திலோ ஒன்பது அங்குலச் சுவரிலோ போல்ட்டு போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். ஒன்பதரை அடி உயரம் என்பது இந்த வீட்டின் சொத்து. அதில் அரை அடியைக் காசு கொடுத்து இழக்கலாகாது. மின்விசிறியும் கீழே இறங்கும்.

பால்கனிச் சுவரை இடிப்பதைப் பற்றி மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். பால்கனித் தளம் பெரும்பாலும் கட்டடத்திலிருந்து வெளியே நீண்டு, ஒரு பக்கப் பிடிமானத்தில் மட்டுமே நிற்பது. அதன் விளிம்பில் புதுச் சுவரும் சன்னலும் ஏற்றினால், கணக்கிடப்படாத பாரம் விளிம்பில் போய் உட்காரும். தவிரவும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உங்கள் கிழக்குப் பக்கத்தில்தான் நேராக அறையும். இன்று பால்கனியில் தேங்கி வடிகுழாய் வழியே போகும் தண்ணீர், நாளை கூடத்துக்குள் வரும்.

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

வணக்கம் அம்மா. நான் கட்டடம் படித்தவளில்லை. 420 சதுர அடி வீட்டில் 19 ஆண்டுகளாகக் குடித்தனம் செய்கிறவள். மேலே ஐயா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் உங்கள் கேள்வியில் எல்லோரும் கடந்துபோகக்கூடிய ஒரு வரி இருக்கிறது: உங்கள் மாமியார் இரவில் கூடத்தில் படுக்கிறார் என்பது. கூடத்தைப் பற்றிய எந்த முடிவையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அது உங்களுக்குக் கூடம். அவருக்கு அதுவே படுக்கையறை.

அவருக்காகவே ஒரு திவான் செய்யுங்கள். ஆறேகால் அடி நீளம், மூன்றடி அகலம். மெத்தையோடு சேர்த்து 19 அல்லது 20 அங்குல உயரம். மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தாழ்வான சோபாவிலிருந்து எழுந்திருப்பதே பெரும் பாடு. இருக்கையின் உயரம் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தால் கையூன்றாமலே எழுந்துவிடுவார்கள். பகலில் மூன்று பேர் உட்காரலாம், இரவில் அவர் படுக்கலாம், எதையும் மடிக்கவோ விரிக்கவோ வேண்டியதில்லை. கடைகளில் காட்டும் சோபாக் கட்டிலை வாங்கிவிடாதீர்கள். நாங்கள் வாங்கி மூன்று ஆண்டு வைத்திருந்தோம். தினமும் இரவு இழுத்து விரிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். விரித்தால் நடக்க இடமிருக்காது. நடுவில் இரண்டு மெத்தையும் சேரும் இடம் முதுகில் உறுத்தும். பெரியவர்கள் வாய்திறந்து குறை சொல்ல மாட்டார்கள். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

திவானுக்குக் கீழே இழுப்பறை வைக்கத் தச்சர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்பது பத்து அங்குல உயரத்துக்குக் கால்கள் மட்டும் இருந்து தரை தெரியட்டும். துடைப்பமும் எளிதாக உள்ளே போய்வரும். சாமான்களை எல்லாம் உங்கள் படுக்கையறைக் கட்டிலின் அடிக்கு அனுப்பிவிடுங்கள். மெத்தையோடு மேலே தூக்கும் வகையைவிட, கால்மாட்டுப் பக்கம் இழுக்கும் வகை நல்லது. தூக்கும் வகையில் எதை எடுக்க வேண்டுமானாலும் முதலில் படுக்கையைக் காலி செய்ய வேண்டும், அதனாலேயே உள்ளே வைத்ததை நாம் மறந்துவிடுவோம்.

ஆனால் இடம் மாற்றுவதற்கு முன்னால் குறைக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் பின்பற்றும் வழக்கம் இது: ஒரு போகிக்கும் அடுத்த போகிக்கும் இடையில் ஒருமுறைகூடக் கைபடாத பொருள் எதுவோ, அது வீட்டில் தங்குவதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். கொலுப்பொம்மைக்குக் காரணம் இருக்கிறது. கல்யாணத்தில் வந்த 12 எவர்சில்வர் தூக்குகளுக்கும் ஓட்டையான இட்லிக் கொப்பரைக்கும் இல்லை. பெரிய அண்டா, பெரிய தாம்பாளம் போன்றவற்றை என் தங்கை வீட்டிலும் என் வீட்டிலுமாகப் பங்கிட்டு வைத்து, விசேஷத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். பொருளைப் பிரிவதில் பெரியவர்களின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பொருட்களைப் பற்றி அவரே முடிவு செய்யட்டும்.

சமையலறை அலமாரிகளை இரண்டடி ஆழத்துக்குச் செய்யாதீர்கள். பின்வரிசைப் பருப்பில் வண்டு வந்த பிறகுதான் அது இருப்பதே தெரியும். மேடைக்கு மேலே 10 அங்குல ஆழமே போதும்.

மகளுக்குப் படிப்பு மேசை பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. பீரோ போன பிறகு அந்தச் சன்னலுக்குக் கீழே, சுவரோடு கீல் வைத்து மடங்கும் பலகை ஒன்றை 30 அங்குல அகலம், 18 அங்குல ஆழத்தில் பொருத்தலாம். பகல் வெளிச்சத்தில் படிப்பாள். முடிந்ததும் பலகை கீழே இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மடக்கும் மேசை, மடக்கும் நாற்காலி எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் காலங்காலமாக இருந்து வந்த மடக்குப் பொருள் பாய்தான். எங்கள் வீட்டில் உறவினர் ஆறு பேர் வந்தாலும் கோரைப்பாய் விரிக்கிறோம். காலையில் சுருட்டினால் வீடு பழையபடி வீடாகிவிடுகிறது.

தெம்பனிஸ் வாசி எழுதியது:

சிங்கப்பூரில் ஒரு மூவறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இருக்கிறேன். மூவறை என்றாலும் படுக்கையறைகள் இரண்டுதான். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 65 சதுர மீட்டர், உயரம் 2.6 மீட்டர். உங்கள் வீட்டைவிடப் பரப்பு கூடுதல், உயரம் குறைவு. இங்கே இட நெருக்கடியோடு வாழ்கிறவர்கள் வெளிச்சத்தையும் நிறத்தையும் பற்றித்தான் மிகுதியாக யோசிப்பார்கள். ஆகவே அதை மட்டும் சொல்கிறேன்.

சுவரில் பூசும் ஒவ்வொரு நிறமும் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் அளவு உண்டு. சுத்த வெள்ளை 80க்கு மேல் திருப்பி அனுப்பும். உங்கள் ஒப்பந்ததாரர் சொன்ன அடர் பழுப்பு 10ஐத் தாண்டுவதே அரிது. 10 அடி அகலமுள்ள அறையில் ஒரு நீளச் சுவர் முழுவதையும் அப்படி மூடினால், பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும். பெயின்ட் நிறுவனங்கள் பலவும் தம் நிற அட்டைகளில் இந்த எண்ணை வெளியிடுகின்றன. 70க்கு மேல் உள்ள, மஞ்சள் சாயல் மிக இலேசாகக் கலந்த வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். கூடத்தின் மேற்பகுதியில் உத்திரம் துருத்திக்கொண்டிருந்தால், சுவர், உத்திரம், கூரை மூன்றுக்கும் ஒரே நிறத்தைப் பூசுங்கள். நிறம் மாறும் இடத்தில்தான் கண் கோடு கிழிக்கிறது. கோடு இல்லையென்றால் சுவர் எங்கே முடிகிறது என்பதைக் கண் தேடுவதில்லை.

இரவில் பெரும்பாலான வீடுகளைச் சிறிதாக்குவது நடுவில் எரியும் ஒற்றைக் குழல்விளக்குதான். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் சாயல் கூடும். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கேட்டால் கொடுக்கும் எல்.இ.டி. விளக்கு 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. அது அறையின் நடுப்பகுதியைப் பளிச்சென்று காட்டி, மூலைகளை இருட்டில் விட்டுவிடும். மூலைகள் இருண்டால் அறை நடுவை நோக்கிச் சுருங்கியதுபோல் ஆகும். அதே மொத்த வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்து, சுவரை நனைப்பதுபோல் சுவர்களுக்கு அருகில் வைத்தால், அறை விளிம்பு வரை விரிந்து தெரியும். படிக்கும் இடத்துக்கு 4000 கெல்வின், மற்றவற்றுக்கு 3000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே அறையில் 6500ஐயும் 3000ஐயும் ஒன்றாக எரியவிடாதீர்கள்.

கண்ணாடி பற்றி: அது எதைக் காட்டுகிறதோ அதையே இரட்டிப்பாக்கும். தொலைக்காட்சிக்கும் கம்பிகளுக்கும் எதிரில் வைத்தால் கம்பிகள் இரண்டு மடங்காகும். வைப்பதானால் பால்கனிச் சன்னலின் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில், சன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து உயரமாக ஒன்று போதும்.

திரைச்சீலைக் கம்பியைச் சன்னல் நிலைக்கு மேலே ஒட்டி மாட்டாமல், கூரைக்கு அரை அடி கீழே மாட்டுங்கள். இரு பக்கமும் சன்னலைவிட 8 அங்குலமாவது நீளட்டும். துணி தரையைத் தொடும்வரை இறங்கட்டும். திறக்கும்போது துணி முழுவதும் சுவர்மேல் ஒதுங்கிவிடும்; கண்ணாடிப் பரப்பில் ஓர் அங்குலம்கூட மறையாது.

ஹாங்காங்கில் கேரி சாங் என்ற கட்டடக்கலைஞர், தாம் சிறுவயதில் பெற்றோர், சகோதரிகளோடு வாழ்ந்த 32 சதுர மீட்டர் வீட்டை, கூரையில் பதித்த தண்டவாளங்களில் சுவர்கள் நகரும்படி மாற்றி, 24 விதமாக அமைத்துக்கொள்ளும்படி செய்தார். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு நானும் அப்படிச் செய்ய ஆசைப்பட்டேன். ஆனால் அது அவர் தாம் தனியாக வாழ்வதற்காக அமைத்த வீடு. நான்கு பேர் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு வேலை செய்யும் வீட்டில், ஒருவர் சுவரை நகர்த்தினால் இன்னொருவர் எழுந்திருக்க வேண்டும். மேலே திவானைப் பற்றி எழுதியிருக்கும் அக்காவின் யோசனையே உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆத்தங்குடிக்கல் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் இட வசதியைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும் யோசனையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் சுவர் வெள்ளை. கண்ணைப் பறிக்கும் நிறமெல்லாம் தரையில். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான ஆத்தங்குடிக் கற்கள் கூடம் முழுவதும் ஒரே வடிவத்தில் பரவிக் கிடக்கும்போது, அந்த நிறம் அறையை நெருக்குவதில்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணை இழுத்துக்கொண்டுதான் போகிறது. 1990களின் வீடு என்கிறீர்கள். உங்கள் தரை மொசைக்காக இருக்குமென்று ஊகிக்கிறேன். அப்படியானால் அதன்மேல் புது டைல்ஸ் ஒட்டி மூடாதீர்கள். இயந்திரம் வைத்து மெருகேற்றினால் கோடுகள் குறைந்த, ஒரே பரப்பான, வெளிச்சத்தைத் திருப்பித் தரும் தரை உங்களுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும்.

வெள்ளைச் சுவர் வைத்துக்கொண்டால், நிறத்தைத் துணியில் கொண்டுவாருங்கள். திவானின் விரிப்பையும் இரண்டு தலையணை உறைகளையும் கண்டாங்கிச் சேலையின் அரக்கும் கடுகு மஞ்சளும் கலந்த பருத்தியில் தைக்கலாம்; உங்களிடம் தையல் இயந்திரமே இருக்கிறது. கட்டங்கள் பெரிதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறிய அறையில் பொடிப் பூக்களும் பொடிக் கட்டங்களும் பல சேரும்போதுதான் இரைச்சலாகத் தோன்றும். சுவரில் ஏழெட்டுச் சிறு படங்களைச் சிதறி மாட்டுவதைக் காட்டிலும், மூன்றடி அகலமுள்ள ஒரே ஒரு படத்தைத் திவானுக்கு மேலே மாட்டுவது அறைக்கு ஒரு நடுவத்தைத் தரும். காலண்டர்களைச் சமையலறைக் கதவின் உட்புறத்துக்கு அனுப்பிவிடலாம்.

வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்பது சுவரைப் பார்த்தாலே தெரிய வேண்டும் என்று நினைக்கிறவன் நான். விடுதி அறைபோல் ஆகிவிட்டால் அது அகலமாக இருந்தென்ன?

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், வேலை முடிந்துவிட்டது. ஒப்பந்ததாரரை நாடவில்லை. கடனும் வாங்கவில்லை.

தூக்குக்குண்டு ஐயா சொன்னபடி, முதல் ஞாயிற்றுக்கிழமையே பீரோவை நகர்த்தினோம். அதற்கு முன்பு, வாங்கப்போகும் ஒவ்வொரு பொருளின் அளவுக்கும் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அவற்றைச் சுற்றியே நடந்து பார்த்தோம். அப்படிப் பார்த்ததில்தான் டீப்பாய் எங்களுக்குத் தேவையே இல்லை என்பது புரிந்தது; காப்பி தம்ளர் வைக்க இரண்டு முக்காலிகள் போதுமாயின.

வாசலுக்கு மேல் பரண் அடித்ததில் கொலுப்படிகள், பொம்மைப் பெட்டிகள், பெட்டி படுக்கை எல்லாம் அடங்கிவிட்டன. தச்சர் மலிவான துகள்பலகை போதும் என்றார். மேற்குச் சுவரில் மழைக்காலத்தில் இலேசான ஈரம் தெரிவதை நினைத்து, ஈரம் தாங்கும் வகைக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள பிளைவுட்டையே வாங்கினோம், பின்பக்கம் சுவரைத் தொடாமல் அரை அங்குல இடைவெளியும் விட்டோம். செலவு விவரம் மற்றவர்களுக்கும் உதவும் என்று தருகிறேன்: திவான் மெத்தையுடன் 26,000, பரணும் மகளின் மடக்குப் பலகையும் 31,000, பட்டி பார்த்து வண்ணம் பூச 24,000, விளக்குகளும் மின்வேலையும் 9,500, திரைச்சீலை, விரிப்புத் துணி, கம்பிகள் 6,500. ஆக மொத்தம் 97,000. தரை மொசைக்தான், மெருகேற்றும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், ஏனென்றால் அதற்கு வீட்டையே இரண்டு நாள் காலி செய்ய வேண்டும் என்கிறார்கள்.

ஒரு பிழையும் நேர்ந்தது. திவானை முதலில் வடக்குச் சுவரில், வாசல் பக்கமாகப் போட்டோம். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் நேரே மாமியார் படுத்திருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. மகளிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. தெரிந்ததும் தெற்குச் சுவரின் கிழக்குக் கோடிக்கு மாற்றினோம். இப்போது அவருடைய தலைமாட்டுக்குப் பக்கத்தில் சன்னல். படுத்தபடியே கீழே தெருவோர வேப்பமரத்தின் உச்சி தெரிகிறது. மாலையில் காற்று வரும்போது அவர் விளக்கைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இந்த வீட்டுக்கு வந்து 11 ஆண்டுகளில், கூடத்திலிருந்து வானம் தெரியும் என்பதை நாங்கள் இப்போதுதான் பார்க்கிறோம்.

சென்ற வாரம் என் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தபோது, ஒன்பது பேர் கூடத்தில் இருந்தோம். யாரையும் படுக்கையறையில் போய் உட்காரச் சொல்லவில்லை.

இன்னும் தீராதது துணி காயப்போடும் சிக்கல்தான். பால்கனி 10 அடி நீளம், மூன்றரை அடி அகலம். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருப்பதால், கதவைத் திறந்தால் முதலில் தெரிவது புடவைகளும் பள்ளிச் சீருடையும்தான். மழைக்காலத்தில் அவை கூடத்துக்குள்ளும் வந்துவிடுகின்றன. இதற்கு வழி உண்டா?

தூக்குக்குண்டு எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. திவானை மாற்றிய இடம் நான் யோசித்திருந்ததைவிட நல்ல இடம்.

கொடிக்கு வழி இருக்கிறது. பால்கனியின் கூரையில் கப்பி வைத்து, கயிற்றால் ஏற்றி இறக்கும் துணி உலர்த்திகள் வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. ஆறடி நீளத்தில், தனித்தனியே இறங்கும் ஆறு கம்பிகள் உள்ளதைக் கேளுங்கள். கதவுக்கு நேராக இருக்கும் மூன்று நான்கு அடியை வெறுமையாக விட்டுவிட்டு, மற்ற கோடியில் மட்டும் பொருத்துங்கள். கம்பியை மேலே ஏற்றிவிட்டால் புடவையை நான்காக மடித்துப் போட்டாலும் தலையில் இடிக்காது. திவானிலிருந்து வேப்பமரம் தெரிகிற உயரத்தை மட்டும் உங்கள் மாமியாரை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு கூரையில் துளையிடச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு, அந்தக் கோடியில் மட்டும் கைப்பிடிச்சுவருக்கு மேல் சுருட்டி ஏற்றும் தார்ப்பாய்த் திரை ஒன்றைத் தொங்கவிட்டால், சாரல் உள்ளே வராது. துணி கூடத்துக்குள் வர வேண்டிய தேவையும் இருக்காது.